அரிஷ்டம் சுட்டது, நான் சொல்லவில்லை

நான் சதுரங்கப்பட்டினத்தில் படகுத் தொழில் செய்பவன். சுனாமிக்கு முந்தின வருஷம் குடியை விட்டேன். மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் வலி. கடலுக்குப் போகாத நாளிலும் தோளும் காலும் குடைந்தன. குடியைப் பற்றிக் கேட்பாரே என்று டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டேன்.

மீன் விற்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று என் மனைவி அஞ்சலை வலிக்கு அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தை வாங்கி வந்தாள். தினமும் மூடியில் அளந்து ஊற்றிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே தொண்டை சுட்டது. அது சாராயத்தின் சூடு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"இன்னாய்யா, வலி கொறஞ்சிதா?" என்பாள்.

"கொறஞ்சிகினு வருது" என்பேன்.

அவள் கூடையோடு கிளம்பியதும் பாட்டிலை அப்படியே வாயில் வைத்துக் குடிப்பேன். பத்து நாளில் அதுவும் போதவில்லை. ஒரு மதியம் ஒயின் ஷாப்புக்கே போய்விட்டுத் தள்ளாடி வந்தேன். அவள் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டிலை முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப நாந்தான் உனுக்கு ஊத்திக் குட்த்தேனா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் செங்கல்பட்டில் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். பரிசோதித்துவிட்டு, குடியை விட்ட புதிதில் சிலருக்கு இப்படி வலிக்கும், மெல்ல அடங்கும் என்றார். மறுபடி விட்டேன். வலி அடங்க இரண்டு மாதம் ஆனது.

இப்போது மருந்துக் கடையில் பக்கத்தில் ஆள் நின்றாலும், "நான் குடியை விட்டவன், இதில் சாராயம் இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். இருமல் மருந்தைக்கூட நானேதான் ஊற்றிக்கொள்கிறேன். அஞ்சலை பாட்டிலைத் தொடுவதில்லை.