நன்றாகக் காய்ச்சிய பால்

பிரான்சின் லியோன் நகரத்துக் கடைகளில் பாலைக் குளிர்பெட்டிக்குள் தேடக்கூடாது. அட்டைப் பெட்டிகளில் அடைத்து, சோப்புத் தூளுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள். வந்த புதிதில் அதையும் காய்ச்சித்தான் குடித்தேன். பார்த்த பக்கத்து வீட்டு மதாம், “கெட்டுவிட்டதா?” என்றாள். “இல்லை, பழக்கம்” என்றேன். கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க அவளே என்னை அழைத்துப் போனாள்.

என் பிழைப்பும் பாலோடுதான். ஆய்வகம் ஒன்றில் உதவியாளர். பால் புரதங்களைச் சூடாக்கி, நோய் எதிர்ப்பு அணுக்களோடு சேர்த்து, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்போம். சூட்டில் சில புரதங்கள் உருமாறிவிடும். அணுக்கள் முன்போல் சீறுவதில்லை. வேறு சில, எவ்வளவு கொதித்தாலும் மசிவதில்லை. அரியாங்குப்பத்தில் இருக்கும் அக்காவின் மகள் நிலாவுக்குப் பால் ஒவ்வாமை என்று தெரிந்ததும் போனில் இதைத்தான் சொன்னேன். காய்ச்சினாலும் வேண்டாம் என்றேன்.

விடுமுறைக்குப் போனபோது அக்கா வீட்டில் விசேஷம். அக்கா புருஷன் பால்கோவாவோடு நிலாவைக் கூப்பிட்டார். குறுக்கே கை நீட்டினேன்.

“நல்லா சுண்டக் காய்ச்சினதும்மா. இதுல பாலு எங்க இருக்கு?”

“காய்ச்சினாலும் போவாது மாமா.”

“பிரான்ஸு போனதும் நம்ம ஊரு பாலு வெஷமாயிடுச்சா?”

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே அவர் குழந்தைக்கு ஊட்டிவிட்டார். சற்று நேரத்தில் நிலாவின் உதடு வீங்கியது. மூச்சில் விசில் சத்தம். தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள்.

“நீ வந்து பயமுறுத்துனதுலதான் புள்ளைக்கு இப்பிடி ஆச்சி. எப்ப ஊருக்குப் போற?”

ஊர் என்று அவள் சொன்னது லியோனை.

இப்போது நிலாவுக்கு அங்கே யாரும் பால் கொடுப்பதில்லை. அவள் கேட்டால், “சித்தி கூடாதுன்னுட்டா” என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் கார்டோடு டிராம் நிறுத்தத்துப் போன் கூண்டுக்குள் நிற்கிறேன். “சித்திகிட்ட பேசு” என்று அக்கா சொல்வது கேட்கிறது. “மாட்டேன், போ” என்று ஓடும் கொலுசு. அக்கா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் போகிறாள். என் ஒரு காதில் அரியாங்குப்பத்து பஸ் ஹாரன். மறு காதில், கண்ணாடிக்கு வெளியே, கூண்டைக் காலி செய்யும்படி பிரெஞ்சில் சொல்லி யாரோ தட்டுகிறார்கள்.