நாலு கடைச் சரக்கு

ராயபுரத்தில் ப்ளேட்டுக் கடையை மூடியபோது எங்கள் பக்கத்தில் வருத்தப்படாத ஆள் கிடையாது. இன்றைக்கும் பழைய ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். "இன்னா கடை, இன்னா பாட்டு!" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது அங்கே ஓர் இசைத்தட்டு வாங்கியதுண்டா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நான் கேட்பதில்லை. அந்தக் கடையைப் பற்றி மற்றவர்களைக் கேள்வி கேட்கும் யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவு.

கடை ஒன்றல்ல, நாலு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நாலு இடத்திலும் ஒரே நீலப் போர்டு, ஒரே கண்ணாடிக் கதவு. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராயபுரம் கடையைப் பார்த்துக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மீசை முளைக்கும் முன்னே தட்டுத் துடைக்கப் போனவர், கல்லாப்பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் அவர் பொறுப்பு என்ற அளவுக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் என் கால் தானாகக் கடைக்குப் போகும். யாராவது கேட்டால் "எங்க கடை" என்றுதான் சொல்வேன்.

காசிமேட்டு மீனை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் ஓர் அம்மாள் சனிக்கிழமை தவறாமல் அங்கே வருவாள். மீன் வாடை உள்ளே வரக்கூடாதென்று தானாகவே படியோடு நின்றுகொள்வாள்.

"நைனா, அந்தப் பாட்டு கீதா?"

"எந்தப் பாட்டுக்கா?"

"அதான், அந்தப் பொண்ணு அழுதுகினே பாடுமே."

"எல்லாப் படத்துலயும் பொண்ணு அழுதுகினேதான் பாடுது. நின்னுகினு அழுவுதா, படுத்துகினு அழுவுதா?"

"தூணப் புட்ச்சிகினு அழுவும்."

"புருசன் செத்துட்டானா, வுட்டுட்டுப் பூட்டானா?"

"பூட்டான், கய்தே!"

மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னாலிருக்கும் அலமாரிக்குள் கையை விட்டு ஒரு தட்டை உருவுவார். முள்ளை வைத்தால் அதே பாட்டுதான். அந்த அம்மாள் படியில் நின்றபடியே அழுது, முந்தானையில் மூக்கைத் துடைத்து, "நல்லா இரு நைனா" என்று சொல்லிவிட்டுப் போவாள். வீட்டில் பாட்டுப்பெட்டியே இல்லாதவள் தட்டை வாங்கி என்ன செய்வாள்? "கேட்டா தேஞ்சா பூடும்?" என்பார் மாமா. உண்மையில் தேயத்தான் செய்யும். அது முதலாளிக்குத் தெரியும்.

டிரான்சிஸ்டர் பெட்டி வந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் எல்லாம் பாட்டுத் தொங்க ஆரம்பித்தபோது, முதலாளியின் மகன்கள் எவர்சில்வர் பாத்திரத்தில் இறங்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் எண்ணூர் கடையை மூடினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு திருவொற்றியூர். அப்புறம் வண்ணாரப்பேட்டை. மூடிய கடையின் சரக்கெல்லாம் கைவண்டியில் ஏறி ராயபுரத்துக்கு வந்தது. அலமாரி நிரம்பி, தரை நிரம்பி, மாமா உட்காரும் ஸ்டூலுக்கு அடியிலும் தட்டு. மற்ற மூன்று கடைகள் மூடியதை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கண்டது வந்து இறங்கிய வண்டிகளைத்தான். எங்கள் கடை ஊதிப் பெருக்கிறது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்தச் சமயத்தில்தான். முப்பத்து நாலு வயது. அதற்குமுன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண் பெரம்பூர். நிச்சயதார்த்தத்தன்று என்னை மடியில் இருத்தி, தன் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து என் சடையில் கட்டிவிட்டு, "ஒங்க மாமா கடையில புதுசா இன்னா பாட்டு வந்துகீது?" என்று காதோடு கேட்டாள். அந்த நிமிஷமே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய அப்பா ரயில்வேயில் வேலை செய்தார். வண்டி வந்து நின்றதும் ஒரு சுத்தியலோடு போய்ச் சக்கரம் சக்கரமாகத் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்கிற வேலை. நாலு கிளை உள்ள கடையில் நிரந்தர வேலை என்று கேட்டுத்தான் அவர் பெண்ணைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பெரம்பூரில் இருந்தவருக்கு எண்ணூர் போர்டு இறங்கிய சங்கதி எப்படித் தெரியும்?

ராயபுரமும் ஈஸ்டருக்குப் பிறகு இல்லை என்று முதலாளி மாமாவிடம் சொல்லிவிட்டிருந்தார். அம்மா அடுப்படியில் மாமாவைப் பிடித்துக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"சொல்லிடுடா. அவங்களாத் தெரிஞ்சிகினா அசிங்கம்."

"தாலி ஏறட்டும்க்கா. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கறேன். இதுவும் பூட்டா எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

மாமா செய்தது சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. அவருடைய கணக்கு அதுதான். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம், நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. தபசு முடிந்தால் கடை கிடையாது. ஆகவே விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் என்று பிடிவாதமாக நாள் குறிக்க வைத்தார்.

எங்கள் கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபை முழுக்கக் கேட்கப் படிப்பார். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அன்றைக்குப் பெண்ணின் அப்பா எங்கள் கோயிலுக்கே பூசைக்கு வந்தார். அப்படியே வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து வந்தோம்.

இலை போட்டு மாமாவும் அவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் அன்று ஷிப்டு. அம்மா மீன்குழம்பு ஊற்றினாள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"கடையெல்லாம் எப்படிப் போவுது மாப்ளே?" என்றார் அவர், ஒப்புக்குக் கேட்பதுபோல.

"ஏதோ போவுதுங்க" என்றார் மாமா, இலையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய கடையை வைத்துக்கொண்டு ஏதோ போவுதாமே! அத்தை வீட்டில் போய் அவர் என்னவென்று சொல்வார்?

"ஏதோ இல்ல தாத்தா! எங்க கடை பெருசாய்க்கினே போவுது. எண்ணூர் கடையிலேர்ந்து வண்டி வண்டியா ப்ளேட்டு வந்துச்சி. அப்பால திருவொத்தியூர்லேர்ந்து வந்துச்சி. போன வாரம் வண்ணாரப்பேட்டையிலேர்ந்து. வைக்கவே எடமில்ல!"

மாமாவின் கை, உருட்டிய சோற்றோடு, இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அப்படியா பாப்பா?" என்றார் அவர். குரல் இறங்கிப் போயிருந்தது, ஆனால் அன்பாகத்தான் இருந்தது. "எல்லா ப்ளேட்டும் வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சி."

"அந்தக் கடைங்களோட நீலப் போர்டு?"

"அதுவும் வந்துடுச்சே! மூணு போர்டும் எங்க கடைக்குப் பின்னாலதான் சாத்தி வெச்சிக்கீது. நான்தான் ஈரத்துணியால தொடச்சேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கேள்வி இல்லை. மூன்று சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாகிவிட்டது, நாலாவதைத் தட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எழுந்து கை கழுவினார். "விருந்து நல்லா இருந்துச்சிம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். மாமா அந்தச் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

என்னை யாரும் திட்டவில்லை. ஓர் அடி விழுந்திருந்தால்கூட ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்திருக்கும்.

அந்த வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு சேதியும் இல்லை. சேதி இல்லாததே நல்ல சேதி என்று மாமா நினைத்திருக்க வேண்டும். புது வெள்ளைச் சட்டை தைத்து வாங்கி வந்தார். மூன்றாவது ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றார். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும். பிரசங்கம் முடிந்தது. சாமியார் காகிதத்தைப் பிரித்தார். பனைமரத்தொட்டிப் பக்கத்து ஜோடி ஒன்றுக்கு மூன்றாம் ஓலை வாசித்தார். இன்னொரு ஜோடிக்கு முதல் ஓலை. அப்புறம் காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரமாக மாமாவின் பெயரைக் கேட்டிருந்த சபை முழுக்க ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தது. மாமா திரும்பவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்துக்குப் பின்னால் புதுச் சட்டையின் காலர் விறைத்துக்கொண்டு நின்றது மட்டும் எனக்குத் தெரிந்தது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியாருக்கு மறதி என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் ஓடிப்போய், பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் முன் மூச்சிரைக்க நின்றேன்.

"சாமி, எங்க மாமா பேர வுட்டுட்டீங்க. ஒரு வாட்டி வெளிய வந்து சொல்லிடுங்க சாமி, ஜனங்க இன்னும் போவல."

அவர் என் நெற்றியில் சிலுவை போட்டார். "அம்மாகிட்டப் போ கண்ணு" என்றார். அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலமே பெண்ணின் அப்பா வந்து அவரிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். எங்களிடமும் சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லையோ, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரோ, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். ஏன் ஓலை வாசிக்கவில்லை, அத்தை ஏன் வரமாட்டாள், நான் புதுப் பாவாடையை எப்போது கட்டிக்கொள்வது? அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அம்மா கையை உதறிவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு நான் வெச்ச கொழம்புல உப்பு கரிச்சிடுச்சிடி. வந்த மனுசன் கோவிச்சிகினு பூட்டாரு. போதுமா?"

நான் நம்பினேன். ஒன்பது வயதில் உப்புக்காகக் கல்யாணம் நிற்பது நம்பமுடியாத விஷயமில்லை. என் மாமாவின் வாழ்க்கையை ஒரு கைப்பிடி உப்பில் கெடுத்தவள் என்று அம்மாவின் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். அந்தத் தபசு காலம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. சோற்றில் குழம்பு ஊற்ற வந்தால், "மொதல்ல உப்பு பாத்தியா?" என்று கேட்பேன். அம்மா ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். அப்பா ஒருதரம் என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து தடுத்தாள்.

நடந்தது இன்னதென்று எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் ஆயிற்று. என் மகன் விருந்தாளி ஒருவரிடம் வீட்டுப் பெருமை ஏதோ அளந்துகொண்டிருந்தான். என் கணவரின் கை சோற்றோடு பாதியில் நின்றது. அதைப் பார்த்தபோது மாமாவின் இலை என் கண்முன் வந்து நின்றது. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது மாமா இல்லை. கடை போன பிறகு அவர் மணலிப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் காக்கிச் சட்டை போட்டுக் காவலுக்கு நின்றார். கல்யாணம் கட்டவில்லை. தெருவில் லவுட் ஸ்பீக்கர் கட்டினால் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அம்மாவிடம் கேட்டேன். அவள் பிடிவாதமாக, "உப்புதான்டி, எனக்கு ஞாபகம் கீது" என்றாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் கடையைக் காலி செய்தார்கள். அந்தக் கறுப்புத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அவற்றை மூட்டையாக எடுத்துக்கொள்வதாக, மேசை நாற்காலிக்குப் பாலிஷ் காய்ச்சும் ஒருவர் சொல்லியிருந்தார். முழுத் தட்டாக வேண்டாம், உடைத்துக் கொடுத்தால் மூட்டையில் நிறைய அடங்கும் என்றாராம். உடைக்கும் வேலை மாமாவுக்கு வந்தது. நாலு கடைச் சரக்கையும் ஒரு ஆள் உடைத்து மாளாது என்று என்னையும் உட்காரவைத்துக்கொண்டார். என் கையில் ஓர் இரும்புக் குழவி.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "ஐயோ, அந்தப் பாட்டா?" "பாவி மனுசா, அதையுமா?" என்று உச்சுக்கொட்டினார்கள். மீன்காரம்மா அன்றும் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. மாமா எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்து, நடுவிலிருக்கும் காகிதத்தைப் பார்க்காமலே அதன் நம்பரை வாய்க்குள் சொல்லி, சாக்கின் மேல் வைப்பார். நான் குழவியால் போடுவேன். சளீரென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், எனக்கு அதைவிட ருசியான விளையாட்டு அதுவரை கிடைத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தி, எனக்குத் தெரிந்த பெரிய மனுஷத்தனத்தோடு மாமாவுக்கு ஆறுதல் சொன்னேன்.

"அம்மா மட்டும் அன்னிக்கு உப்ப ஒழுங்காப் போட்டிருந்தா, அத்த இந்நேரம் நம்ம வூட்ல இருந்திருக்கும், இல்ல மாமா?"

மாமா கையில் ஒரு தட்டோடு நின்றுவிட்டார். என்னையே பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தத் தட்டைச் சாக்கின் மேல் வைத்து, உடையும்போது சில்லு என் காலில் படாதபடி என் பாவாடையை இழுத்துவிட்டார்.

"ஆமா கண்ணு. ஒங்கம்மாவுக்கு உப்புல எப்பவுமே கை தாராளம்" என்றார்.

வீட்டில் ஒரு ஆளாவது என் பக்கம் இருக்கிறாரே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குழவியை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கிப் போட்டேன்.