துண்டுக்குள் விலைபோன என் ஆடு

ஜெர்மன் சண்டை முடிஞ்சு சில வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூர்ல நாங்க குடியிருந்தப்போ நடந்தது இது. என் வீட்டுக்காரர் தோல் தரகர். சந்தை சந்தையா அலைஞ்சு பச்சைத் தோல் வாங்கிக் குடுத்த மனுஷன். அறுபதைத் தாண்டினதும் மறதி வந்துடுச்சு. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள, "நான் சாப்ட்டனா?"ன்னு கேப்பார்.

"போதும் நைனா, சும்மா உக்காருங்க"ன்னு பையன் யாவாரத்தை நிறுத்திட்டான். உக்கார உக்கார மறதி ஜாஸ்தியாச்சு. ஊரே வைத்தியராயிடுச்சு. ஒருத்தி பாதாம் ஊறவெச்சுக் குடுன்னா, இன்னொருத்தி உச்சந்தலையில எண்ணெய் வைன்னா. வல்லாரையை அரைச்சு அரைச்சு என் கைதான் பச்சையாச்சு. அவருக்கு ஒண்ணும் ஞாபகம் வந்தபாடில்லை.

ஒருநாள் பாலாத்துப் பக்கம் வழி தெரியாம நின்னவரை யாரோ வண்டிக்காரர் ஏத்திக்கிட்டு வந்து விட்டார். அதோட பையன் முடிவு பண்ணிட்டான். வாசக்கதவுக்கு வெளியில கொண்டி போட்டு உள்ளயே பூட்டி வைக்கிறதாம். ஆசாரிக்கும் சொல்லியாச்சு. கட்டின புருஷனைக் கைதி மாதிரி அடைக்க எனக்கு மனசு ஒப்பலை. வேணாம்னு சொல்லவும் பயம். ரயில் ரோட்டுல போய் நின்னா யார் பதில் சொல்றது?

இதுக்கு நடுவுல அவரோட தோஸ்த் வேற. பக்கத்துத் தெரு பாய், அவரும் தோல் யாவாரி. சாயங்காலமானா வந்து உக்காந்துப்பார். தோல் யாவாரத்துல விலையை வாய்விட்டுச் சொல்றதில்லை. ரெண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள்ள போகும், விரலைப் பிடிச்சே பேரம் நடக்கும். பொழுதுபோகணுமே, இவங்க என் பூசணிக்காய்க்கும் அம்மிக்கல்லுக்கும் அப்படி விலை பேசுவாங்க. எனக்கு ஒரே பேஜார்.

அன்னிக்கு ஆட்டுக்குப் பேசினாங்க. வழக்கமான விளையாட்டுதானேன்னு இருந்துட்டேன். பேரம் முடிஞ்சதும் இவர் எழுந்துபோய், என் கறவை ஆட்டை அவுத்து பாய் கையில குடுத்துட்டார்! நான் கத்தின கத்துல தெருவே எட்டிப்பார்த்துச்சு.

பாய்க்கே வேர்த்துப்போச்சு. "அய்யோ, தமாஷுக்குப் பேசினதுப்பா!"

"இன்னா தமாஷ்? துண்டுக்குள்ள முடிஞ்சா முடிஞ்சதுதான். நாளைக்கு எவன் என்னை நம்புவான்?"

எத்தனையோ மாசம் கழிச்சு அந்தப் பழைய குரலைக் கேட்டேன். கோவத்துலயும், கயித்தைப் பிடுங்கப் போன கையை இழுத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையில, ஆடு தழையைத் தொடவே மாட்டேங்குதுன்னு பாய் சொல்லியனுப்பினார். இவர் வேலியில அகத்தியை ஒடிச்சுக்கிட்டு கிளம்பிட்டார். பதறிப்போய் நானும் பின்னாலயே போனேன். மனுஷன் ஒரு திருப்பத்துலயும் தடுமாறலை. ஆட்டுக்குத் தன் கையால ஊட்டி, பாயோட பேசிட்டு, நேரா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த நாளும் போனார், அதுக்கடுத்த நாளும் போனார். ஒளிஞ்சு ஒளிஞ்சு பின்னால நடந்து எனக்குத்தான் கால் வீங்கிப்போச்சு. அப்புறம் போறதை விட்டுட்டேன்.

ஆசாரி கொண்டியோட வந்தப்போ, "திருப்பி எடுத்துட்டுப் போப்பா"ன்னேன். பையன் குதிச்சான்.

"உங்கப்பாவுக்கு வேலை இருக்குடா. போகட்டும்"னு சொல்லிட்டேன்.

ஆட்டைத் திருப்பித் தர்றேம்மான்னு பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான்தான் வேணாம்னேன். என் ஆட்டுப் பாலுக்கே நான் சொம்பைத் தூக்கிக்கிட்டு அடுத்தவர் வாசல்ல நின்ன கொடுமையை எங்க போய்ச் சொல்ல!

மறதி தீர்ந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கடைசியில என் பேரே அவருக்கு வரலை. ஆனா விடிஞ்சா, "நேரமாச்சு, அங்க காத்திருக்கும்"னு செருப்பைத் தேடுவார்.

இப்போ எனக்கு அந்த வயசு. "நீங்க சும்மா உக்காருங்க அத்தை"ன்னு மருமகள் பாசமாத்தான் சொல்றா. ஆனா அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும், எந்தக் கதவுக்கோ கொண்டி போடற சத்தம் கேக்கற மாதிரி எனக்குத் தூக்கிவாரிப்போடுது.