அக்காவின் தட்டில் வெள்ளரிக்காய்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அவர் வாழ்க்கையைத் தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் ஓரிடத்தில் நான் தலைகுனிய வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இங்கே வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். மீன்காரரிடம் வங்காள மொழியில் சண்டை போட்டுவிட்டு, திரும்பி என்னைத் தமிழில் கொஞ்சுவார். இனிப்பென்றால் உயிர். தெருமுனைக் கடையில் சந்தேஷ் தட்டு இறங்குவது எங்கள் வீட்டில் அவர் மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

திருமணமாகிச் சில ஆண்டுகளில் அத்தான் காசநோயில் இறந்தார். அதன் பிறகே அக்காவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. என்றார்கள். பெஹாலாவில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பாலிகஞ்சில் நான் நடத்துவது மளிகைக் கடை. முறுக்கும் இட்லிப்பொடியும் வீட்டில் செய்துதான் போகும். விஷயம் வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். மாத்திரையைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் “அக்காவுக்குச் சுகர்” என்று சொல்லி வைத்தேன்.

அந்தப் பொய் என்ன செய்தது தெரியுமா? பூஜை முடிந்த விஜயதசமியன்று இங்கே வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு நீலிமா பௌதி, நம் பேச்சில் அண்ணி, எங்களுக்குச் சந்தேஷும் தேங்காய் உருண்டையும் கொண்டு வருவார். அக்காவுக்கு மட்டும், பாவம் சுகர்க்காரியாயிற்றே என்று, தனித்தட்டில் வெள்ளரிக்காய். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக் கடிப்பார். ஆறு வருடம் அப்படிக் கடித்தார். நான் எதிரில் உட்கார்ந்து சந்தேஷ் தின்றேன்.

ஆரம்பத்தில் மருந்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. குமட்டலில் சோறு இறங்காது. பிறகு நல்ல மருந்து வந்தது. நாளுக்கு ஒரே மாத்திரை. அந்தி சாயும்போது சுற்றியுள்ள வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதுவார்கள், அதுதான் அக்காவுக்கு மாத்திரை நேரம். “ஏலே, தெனமும் எனக்குச் சங்கு ஊதுதாங்க. நாந்தான் போவ மாட்டேங்கேன்” என்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பிற்பாடு கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது, அக்கா அந்தச் சோதனைத் தாளை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வருட விஜயதசமிக்கும் பௌதி வந்தார். வெள்ளரிக்காய்த் தட்டை அக்கா மெல்லத் தள்ளிவைத்தார். “பௌதி, எனக்குச் சுகர் கிடையாது. எச்.ஐ.வி.” என்று வங்காளத்தில் சொன்னார். கடை போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கக்கேடு. பௌதி அந்த வெள்ளரிக்காயைப் பார்த்தார். பிறகு, “தாஹோலே மிஷ்டி கேத்தே பாரோ?” என்றார். அப்படியானால் நீ இனிப்பு சாப்பிடலாமா என்று! அக்கா தலையாட்டினார். பௌதி ஒரு சந்தேஷை எடுத்துத் தன் கையாலேயே அக்காவுக்கு ஊட்டிவிட்டார்.

அக்கா பாதியைக் கடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அவர் எச்சிலால் எதுவும் வராது என்று டாக்டரம்மா எனக்கும் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு நொடி தயங்கினேன். அதை அக்கா பார்த்தார். “தின்னுல, ஒண்ணும் ஆவாது” என்றார், சின்ன வயதில் கசப்பு மருந்து கொடுக்கும்போது சொன்ன அதே குரலில். வாங்கித் தின்றேன். அந்த ஒரு நொடிக்காக இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

அதன் பிறகு அக்கா சும்மா இருக்கவில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் நாட்களில் போய் உட்கார்ந்துகொள்வார். புதிதாக வந்து அழும் பெண்களிடம் தன் நாலாய் மடித்த தாளைப் பிரித்துக் காட்டுவார். போன வருடம் ஒரு காலையில், குளித்துவிட்டு வந்தவர் மாரடைப்பில் சாய்ந்தார். அவரைக் கொண்டுபோனது அந்த நோயல்ல.

“எனக்கு நினைவு மலர் போட்டா நோயோட பேரப் போடுல” என்று சொல்லியிருந்தார். என் மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது தேவையா என்று சித்தப்பா கேட்டார். மகளே பதில் சொன்னாள்: “அத்தைய மறைச்சுத்தான் நடக்கணும்னா அந்தக் கல்யாணமே வேண்டாம் தாத்தா.”

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கும் செவிலியர்களுக்கும், கடைசிவரை பக்குவமாய்ச் சமைத்துப் போட்ட என் மனைவிக்கும், அக்காவின் பெயரைச் சொல்லி இன்று வந்திருக்கும் பெண்களுக்கும், நீலிமா பௌதிக்கும் எங்கள் நன்றி.

மலரோடு உங்களுக்கு ஒரு சந்தேஷ் கொடுத்திருக்கிறோம். மறுக்காமல் சாப்பிடுங்கள். அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை.