பக்கெட்டில் வைத்த மட்டி

வேண்டாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு அப்படியொரு பேர். செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் வீடு. வேர்க்கடலை வயலில் கூலி வேலை. வேலை இல்லாத நாளில் ஆற்றில் மட்டிச் சிப்பி எடுப்பாள். குனிந்து தேடமாட்டாள். ஈர மணலில் குதிகாலை அழுத்தி அழுத்தி நடப்பாள். அவள் நின்ற இடத்தில் தோண்டினால் மட்டி இருக்கும். உள்ளங்கையைவிடச் சின்னதைத் திரும்பப் புதைத்துவிடுவாள். "குட்டிய எடுத்துட்டா அடுத்த வருசம் இன்னாத்த துன்றது?" என்பாள். குடிதண்ணீருக்கு ஊற்று தோண்டுவதும் மட்டி கிடக்கும் இடத்தில்தான். அங்கேதான் தண்ணீர் தெளிவாக இருக்குமாம்.

1998 மே மாதம், அதே இடத்தில் மணல் அள்ள மனு வந்தது. பார்வையிடப் போன அதிகாரி அருணகிரி. படிவம் நிரப்பப் போன கிளார்க் நான். ஆறு காய்ந்து கிடக்கும் கத்திரி வெயிலில் போய், ஆற்றில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்! தேதி குறித்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

அருணகிரி ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை. வேண்டா முழ ஆழம் தோண்டி ஒரு மட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாம்மா இது, செத்த ஓடு?" என்றார் அவர்.

"செத்திருந்தா வாயத் தொறந்துகினு கெடக்கும் சார். இது இறுக்க மூடிக்கினு கீது பாரு. தண்ணி வர்ற வரிக்கும் இப்பிடித்தான் மண்ணுக்குள்ள இருக்கும்."

சொன்னதோடு நிற்காமல் பக்கெட்டில் ஊற்றுத் தண்ணீர் மொண்டுவந்து மட்டியை உள்ளே வைத்தாள். "அரை மணி நேரம் குந்து சார். யாரும் ஆட்டாம வுட்டா அதுவே தொறக்கும்."

"அரை மணியா? மாமல்லபுரத்துல சாப்பாடு சொல்லிட்டேன். யோவ், எழுதுய்யா. உயிரினங்கள், எதுவுமில்லை."

எழுதினேன். 'இருந்து பார்க்கலாம் சார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

அடுத்த வாரம் அவள் பக்கெட்டோடு பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள். பஸ் குலுக்கிய குலுக்கலில் மட்டி மூடிக்கொண்டிருந்தது. வராண்டாவில் வைத்துக் காத்திருந்தாள். பியூன், வழியில் கிடக்கிறது என்று பக்கெட்டைக் காலால் தள்ளினான். மறுபடியும் வைத்தாள், யாரோ இடித்தார்கள். சாயங்காலம் வரை அந்த மட்டிக்கு அரை மணி நேர அமைதி கிடைக்கவில்லை. ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

லாரிகள் வந்தன. மூன்று வருடத்தில் கரையோரம் ஒரு திட்டைத் தவிர எல்லா மணலையும் களிமண் தெரியச் சுரண்டிவிட்டார்கள். அவளுடைய ஊற்றும் போனது. தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தாள். 2005 வெள்ளத்தில் மட்டி திரும்ப வரும் என்று நம்பினாள். மட்டிக் குஞ்சு மீன் செவுளில் ஒட்டிக்கொண்டு இடம் மாறும் என்று கல்லூரியில் பாடம் நடத்தும் என் மச்சினன் ஜெபகுமாரும் என்னிடம் சொல்லியிருந்தான். மீன் வந்தது. குஞ்சு இறங்கிப் புதைய ஈர மணல் எங்கே இருந்தது?

2007 மே மாதம், மிச்சமிருந்த அந்தத் திட்டுக்கும் மனு வந்தது. புது அதிகாரி சியாமளாவோடு ஆற்றுக்குப் போனேன். "பழைய ஃபைல்ல இருக்கறதையே எழுதிடுங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "முடியாது மேடம். அரை மணி நேரம் இருங்க" என்று கத்தியேவிட்டேன். நல்ல மனுஷி, இருந்தார். நான் ஓடிப்போய் வேண்டாவைக் கூட்டிவந்தேன்.

அவள் திட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை குதிகாலை அழுத்தி நடந்தாள். நாலைந்து இடத்தில் தோண்டினாள். சுற்றிலும் பள்ளமாகிவிட்டதில் திட்டு அடிவரை காய்ந்து கிடந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"அன்னிக்கி பொய் எழுதின. இப்ப எழுது சார், எதுவுமில்லன்னு. இப்பதான் அது நெசம்."