நட்ட மரம் பிழைக்கும் வரை

மரம் நடுவது ஒரு மணி நேர வேலை; நட்டதை நட்டவர்களிடமிருந்து காப்பாற்றுவது ஒரு வருஷ வேலை.

திருவனந்தபுரத்தில் ஒரு நர்சரியில் அந்த இரண்டாவது வேலைதான் எனக்கு. வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்கும் கொன்றை, செண்பகம், பூமருது எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துத்தான் விற்கிறோம். மண் மாறியதும் அவை இலையை உதிர்த்துவிட்டு, மாமியார் வீட்டுக்கு வந்த முதல் நாள் மருமகள் போல நிற்கும். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், வேர் பிடித்ததா, சாயாமலிருக்கக் கட்டிய முட்டுக்கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ். குனிந்து நிமிர்ந்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலோ டியூஷன் சென்டரிலோ தையல் கடையிலோ, சொன்ன பேச்சைக் கேட்காதவர்களோடு மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

சொன்னபடி செய்தவர்

கரமனை அக்ரஹாரத்தில் ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் ஒருவர். செண்பகம் வைத்திருந்தார். நல்ல வெயில் காலம். "தினமும் காலையில ரெண்டு பக்கெட் தண்ணி விடுங்க, சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருவே ஆறாக ஓடுகிறது. அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் பக்கெட்டுமாக நின்று மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இலையெல்லாம் மஞ்சள். வேர் அழுகிவிடுமே என்று ஓடிப்போய்ப் பக்கெட்டைப் பிடுங்கினேன். அவருக்கு வந்ததே கோபம்! "தெனமும்னு நீதானேம்மா சொன்னாய்? மழை நாள் நீங்கலாகன்னு சொல்லலையே!"

ஆட்டிப் பார்த்தவர்

சாஸ்தமங்கலத்தில் ஒரு பழைய பட்டாளக்காரர். மலையாளி. வீட்டில் அவரும் மனைவியும்தான். அவர் வீட்டுப் பூமருது நான்கு மாதமாகியும் வேர் பிடிக்கவில்லை. உரம் மாற்றினேன், தூரைச் சுற்றித் தேங்காய் மட்டை பரப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சீக்கிரமே போனதில் காரணம் தெரிந்தது. காலை நடை முடித்து வந்தவர், கேட்டின் தாழ்ப்பாளைச் சோதிப்பது போல மரத்தை இரண்டு கையாலும் பிடித்து மூன்று ஆட்டு ஆட்டினார். உறுதியாக நிற்கிறதா என்று பார்க்கிறாராம்!

"புது வேர் தலைமுடி மாதிரி, சார். ஆட்டினா அறுந்து போகும்" என்றேன். யோசித்தார், ஒத்துக்கொண்டார், வருத்தமும் பட்டார். அடுத்த மாதம் போனால் மரம் பழையபடி தொளதொளவென்று ஆடுகிறது. என்ன சார் இது என்றேன். கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லாமல் சொன்னார்: "நான் நிறுத்தியாச்சு கேட்டோ. இப்போ என்டெ பார்யாதான் ஆட்டிப் பார்க்குறா."

என் பிழை

எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போட முடியாது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், பூஜப்புரையில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் பல மாதம் போகவில்லை. காரணத்தை நர்சரியில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மரம் தடிக்கத் தடிக்க முட்டுக்கம்பில் கட்டிய கயிற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் போனபோது, வீங்கின விரலில் மோதிரம் போலக் கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே மரம் பாதி காய்ந்துவிட்டது.

டீச்சர் பக்கத்திலேயே நிற்க, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுத்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "அம்மைக்கு இப்போ எப்படி இருக்கு?"

இடது பக்கக் கிளை

வலியசாலையில் சுபா என்றொரு பெண். கல்யாணமாகி இருபதாம் நாள் அவள் கணவர் கணேஷ் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் இருவருமாகப் பின்முற்றத்தில் ஒரு கொன்றை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் அவர் முதலில் மரத்தைத்தான் காட்டச் சொல்வாராம். இரண்டாம் மாதம், கதவுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பிரஷ் கழுவிய தின்னரை அதன் தூரில் கொட்டிவிட்டுப் போனார்கள். நான் போய்த் தண்டைக் கீறிப் பார்த்தேன். பச்சையே இல்லை; மரம் செத்துவிட்டது.

சுபா அழவில்லை. வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மாமியாருக்குத் தெரிஞ்சா சகுனம் சரியில்லைன்னு சொல்லுவா. எனக்கே பயமா இருக்கு. இதே மாதிரி வேற ஒண்ணு வைக்க முடியுமா?"

பொய்க்குத் துணை போகிற வயசா எனக்கு? ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாமியார் கோயிலுக்குப் போன ஒரு காலையில், பெட்டி ஆட்டோவில் அதே உயரக் கொன்றையைக் கொண்டுபோய், கெட்ட மண்ணை முழுக்க அள்ளி மாற்றி, நட்டு முடித்தேன். முதுகு மூன்று நாள் பேசியது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கணேஷ் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் ஒரு கிளை இருந்ததே?" என்றார். சுபா என்னைப் பார்த்தாள். நான் கத்தரியைத் தூக்கிக் காட்டி, "நான்தான் சார் வெட்டினேன்" என்றேன். "ஓ" என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் லீவில் வந்திருந்தார். மரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் துளிர்த்திருந்தது. முட்டுக்கம்பைப் பிடுங்கப் போயிருந்தேன். சுபா காபி போட உள்ளே போனதும் அவர் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாவது மரமும் நல்லாத்தான் இருக்கு, அக்கா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லண்டாம்."

பதினோரு வருஷத்தில் எத்தனையோ மரங்களையும் அவற்றை நட்டவர்களையும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்தது மரங்களில் ஒன்றுகூட இல்லை.