லயத்துக் கரண்டும் மகளின் சஞ்சிகையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பலதும் மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்டு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பி. ஆசிரியையான என் மகள், தோட்டப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய ஆய்வுச் சஞ்சிகை ஒன்றை இணையத்தில் நடத்த ஆசைப்பட்டாள். அதற்கான மென்பொருள் இலவசமாம். யாரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமாம். அதை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்து ஓட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"நம்ம சஞ்சிகை நம்ம லயத்துலயே இருக்கட்டும்மா" என்பாள்.

மென்பொருளை ஏற்றித்தர, அவளோடு படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் வந்தார். கரி பிடித்த சுவரையும் ஒழுகும் தகரத்தையும் அவர் பார்க்கப் போகிறாரே என்று எனக்குக் கூச்சம். அவரோ கம்ப்யூட்டரை மட்டும் பார்த்தார்.

"லினக்ஸ் ஓடுது, மெமரியும் இந்த வேலைக்குக் காணும். ஆனா ரீச்சர், சஞ்சிகையை வச்சிருக்கிற சேர்வர் எண்டால் இரவு பகலா ஓட வேணும். பிரதி எடுத்து வேற இடத்தில வைக்க வேணும். கரண்ட் எப்பிடி?"

"கரண்டெல்லாம் போகாதுங்க சார்" என்றாள் மகள்.

வெளியாளுக்கு விறகடுப்புப் புகை மணக்கும் தேத்தண்ணியை எப்படிக் கொடுப்பது? பக்கத்து வீட்டு அக்காவிடம் கரண்டுக் கேத்தலை இரவல் வாங்கியிருந்தேன். அதைச் செருகினேன். டப்பென்று லயம் முழுக்கக் கரண்டு போனது. கம்ப்யூட்டரும் அணைந்தது. மென்பொருள் பாதிதான் ஏறியிருந்ததாம்.

அக்கா வெளியே நின்று கத்தினாள்: "என்னடி, மாப்பிள்ளைக்குத் தண்ணி சுட வச்சியா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இருட்டாக்கிட்டியே!"

லயமே சிரித்தது. மாஸ்டருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கக் கூடாதா?" மகளின் குரல் உடைந்தது.

"அம்மாவை ஏசாதேங்கோ ரீச்சர். இண்டைக்கு நிண்டதுதான் நல்லம். சஞ்சிகை தொடங்கின பிறகு இப்பிடி நிண்டிருந்தால், ஆக்கள் அனுப்பின கட்டுரையெல்லாம் பழுதாப் போயிருக்கும்" என்றார் மாஸ்டர்.

"பேட்டரிப் பெட்டி வாங்கி வச்சா சார்?"

"அது கொஞ்ச நேரந்தான் தாங்கும். வேற ஊர்ச் சேர்வரில இடம் வாடகைக்கு எடுப்பம். வேலையை நீங்கள் இஞ்சயிருந்தே செய்யலாம்."

"சரிங்க சார்" என்றாள் மகள். சஞ்சிகையை லயத்திலேயே வைக்கும் ஆசையை அவள் விட்டது, அந்தக் குரலிலேயே அடுப்படி வரைக்கும் எனக்குக் கேட்டது.

சஞ்சிகை வந்தது. அவளுடைய சிநேகிதிகள், "ஒங்க சஞ்சிகை எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். "வாடகை வீட்டுல" என்று சிரிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

கம்ப்யூட்டர் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். மகளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரிசெய்யுங்கள்.